விலங்குகளின் கால் தசைகள் எப்போது முடுக்கப்படுகின்றன: இஎம்ஜி பதிவைத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

நடந்து வரும் நாயின் பின்னங்கால் தரையைத் தொடுவதற்கு முன்பே அதன் தொடைத் தசைக்கு நரம்பிலிருந்து ஆணை வந்துவிடுகிறது. பாதம் பட்ட அதிர்ச்சியில்தான் தசை விழித்துக்கொள்கிறது என்று எண்ணிப் பதிவைப் பார்க்கத் தொடங்குபவர் முதல் நாளிலேயே குழம்பிப்போவார். 1969இல் எங்பெர்க், லுண்ட்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தடையின்றி நடக்கும் பூனைகளின் தசை மின்பதிவை வெளியிட்டார்கள். காலை நீட்டும் தசைகள் பாதம் தரையைத் தொடுமுன்னரே இயங்கத் தொடங்குவதை அதில் தெளிவாகக் காட்டினார்கள். தரை எப்போது வரும் என்பதை முதுகுத் தண்டுவடம் முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்கிறது.

தசைக்கு வரும் ஆணையை மின்சமிக்ஞையாகப் பிடிப்பதுதான் எலெக்ட்ரோமயோகிராஃபி. சுருக்கமாக இஎம்ஜி. அது எதைச் சொல்கிறது என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தசைக்கு எப்போது ஆணை வந்தது, ஏறத்தாழ எவ்வளவு வலுவாக வந்தது என்பதைச் சொல்லும். தசை சுருங்கியதா, நீண்டதா, எவ்வளவு விசை கொடுத்தது என்பதைச் சொல்லாது. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எல்லையை மறந்ததால் வருபவைதான்.

முதலில் காலின் அமைப்பைப் படியுங்கள்

நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் பின்னங்காலில் பின்பக்கம் மடங்குவதுபோல் தெரியும் மூட்டு முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இதை மாற்றிப் புரிந்துகொண்டால் எந்தத் தசை எந்த மூட்டை அசைக்கிறது என்பது முழுக்கத் தலைகீழாகிவிடும். முடிந்தால் எலும்புக்கூட்டை அருகில் வைத்துக்கொண்டு, உயிருள்ள விலங்கின் காலைத் தடவிப் பார்த்து இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் விரலால் அடையாளம் காணுங்கள்.

பின்னங்காலுக்கு ஐந்து தசைகளைத் தெரிந்துகொண்டால் தொடங்கப் போதும். முழங்காலை நீட்டும் வாஸ்டஸ் லேட்டராலிஸ் தொடையின் முன்வெளிப்புறத்தில் இருக்கிறது. கணுக்காலை நீட்டுபவை கெண்டைச்சதையிலுள்ள கேஸ்ட்ராக்னீமியஸும் அதன் அடியில் கிடக்கும் சோலியஸும். நாய்க்கு சோலியஸ் கிடையாது, பூனைக்கு நன்றாகவே உண்டு. கணுக்காலை மடக்குவது முன்புறத்தில் இருக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர். ஐந்தாவது, தொடையின் பின்புறம் ஓடும் செமிடென்டினோசஸ். இடுப்பை நீட்டும், முழங்காலை மடக்கும் என்று இரண்டு மூட்டுகளைக் கடக்கும் தசை இது. அதனால்தான் இதன் பதிவு புதியவர்களைத் திணறடிக்கிறது: ஒருமுறை காலெடுத்து வைக்கும் ஒரே சுற்றில், காலைத் தூக்கும்போது ஒரு துடிப்பும், பாதம் படும் நேரத்தை ஒட்டி இன்னொரு துடிப்புமாக இரண்டு முறை எழும். மின்சமிக்ஞையைப் பிடிக்கும் எலெக்ட்ரோடு தவறான இடத்தில் இருக்கிறது என்று நினைத்து அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முன்னங்கால் கதை வேறு. நாயும் குதிரையும் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. தோள்பட்டை எலும்பு உடலோடு மூட்டால் இணைக்கப்படவில்லை. செரட்டஸ் வென்ட்ராலிஸ் போன்ற தசைகள்தான் மார்பைத் தொட்டில்போல் இரு கால்களுக்கு நடுவே தொங்கவிட்டுப் பிடித்திருக்கின்றன. முதல் பதிவுக்குப் பின்னங்காலையே எடுத்துக்கொள்வது நல்லது.

சுற்றை நான்காகப் பிரியுங்கள்

ஒரே பாதம் தரையைத் தொட்டு, மறுபடி தொடும் வரை ஒரு நடைச்சுற்று. பாதம் தரையில் இருப்பது ஊன்று கட்டம், காற்றில் இருப்பது வீச்சுக் கட்டம். ஊன்று நேரத்தை முழுச் சுற்றின் நேரத்தால் வகுத்தால் ஊன்று விகிதம் கிடைக்கும். நடையில் இது 0.5க்கு மேல் இருக்கும், ஓட்டத்தில் பொதுவாக அதற்குக் கீழே இறங்கும்.

1905இல் பிலிப்ஸன் என்ற ஆய்வாளர் இதை நான்காகப் பிரித்தார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். காலைத் தூக்கி எல்லா மூட்டுகளும் மடங்குவது எஃப். காற்றிலேயே முழங்காலும் கணுக்காலும் நீளத் தொடங்குவது ஈ1. பாதம் பட்டதும் உடல் எடை இறங்கி முழங்காலும் கணுக்காலும் சற்று மடங்குவது ஈ2. பிறகு உடலை முன்னே தள்ளி நீளுவது ஈ3.

ஈ2வை நிதானமாகக் கவனியுங்கள். நீட்டுத் தசைக்கு வலுவான ஆணை வந்திருக்கிறது, ஆனால் மூட்டு மடங்குகிறது. இயங்கிக்கொண்டே இழுபடும் தசை அங்கே தடையாகவும் வில்லாகவும் வேலை செய்கிறது. மூட்டு மடங்குவதை மட்டும் வீடியோவில் பார்த்துவிட்டு 'மடக்குத் தசை இயங்குகிறது' என்று எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

நடையின் வகையைப் பெயரோடு பதிவுசெய்யுங்கள்

வேகத்தை மட்டும் குறித்தால் போதாது. ட்ராட் எனப்படும் துள்ளோட்டம் மெதுவாக இருக்கும்போது அதுவும் வேகமான நடையும் ஒரே வேகத்தில் இருக்கலாம், தசை இயங்கும் முறை வேறாக இருக்கும். நடையில் பெரும்பாலும் இடப் பின், இட முன், வலப் பின், வல முன் என்ற வரிசையில் பாதங்கள் விழும். ட்ராட்டில் மூலைக்கு மூலை ஜோடியாக விழும். ஒட்டகம் வேகமெடுக்கும்போது ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து போகும், அதற்குப் பேஸ் என்று பெயர். நாலுகால் பாய்ச்சலில் நான்கு பாதங்களும் தனித்தனி நேரத்தில் விழும். அதில் இடமும் வலமும் சமமாக இயங்குவதில்லை: பின்னங்கால்களில் முதலில் விழுவது ஒன்று, முன்னே நீண்டு இரண்டாவதாக விழுவது இன்னொன்று. எந்தக் காலில் எலெக்ட்ரோடு ஒட்டியிருக்கிறீர்களோ அது முதலில் விழுவதா இரண்டாவதாக விழுவதா என்று குறிக்காத பாய்ச்சல் பதிவு பாதிப் பயன்தான் தரும்.

வேகம் கூடும்போது ஊன்று நேரம் வெகுவாகக் குறைகிறது, வீச்சு நேரம் அவ்வளவாக மாறுவதில்லை. தசைகளும் அதையே பின்பற்றுகின்றன. நீட்டுத் தசையின் துடிப்பு குறுகி, உயரம் கூடும். மடக்குத் தசையின் துடிப்பு நீளம் பெரிதாக மாறாது. உங்கள் பதிவில் இதற்கு நேர்மாறாகத் தெரிந்தால் சேனல்கள் (ஒவ்வொரு தசைக்குமான பதிவுத் தடங்கள்) இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எலெக்ட்ரோடு ஒட்டுவது

தொடங்குபவருக்குத் தோல்மேல் ஒட்டும் எலெக்ட்ரோடு போதும். தசைக்குள் செருகும் நுண்கம்பி முறைக்கு மயக்க மருந்தும் கால்நடை மருத்துவரும் விலங்கு நல நெறிக்குழுவின் அனுமதியும் தேவை. பயிற்சி பெற்றவர் அருகில் இல்லாமல் அதில் இறங்கவே கூடாது. தோல்மேல் முறைக்கும் உங்கள் நிறுவனத்தின் அனுமதியை முன்பே கேட்டுப் பெறுங்கள். விலங்கு பயப்படாமல் இருப்பது நெறி சார்ந்த கடமை. பதிவின் தரமும் அதையே நம்பியிருக்கிறது: மிரண்ட விலங்கு எல்லாத் தசைகளையும் இறுக்கிப் பிடித்தபடி நடக்கும்.

தசையின் மேட்டுப்பகுதியைக் கண்டுபிடித்து, எலெக்ட்ரோடைவிடச் சற்றே பெரிய இடத்தில் முடியை ஒட்டக் கத்தரியுங்கள். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் ஒட்டாது, மின்தடையும் நிலையாக இருக்காது. இரண்டு எலெக்ட்ரோடுகளைத் தசை இழைகள் ஓடும் திசையிலேயே, மையத்திலிருந்து மையத்துக்கு 10 முதல் 20 மி.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். சிறிய தசைக்குச் சிறிய இடைவெளி. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தொடங்கும் முனைப்பகுதியைத் தவிருங்கள். தரை இணைப்பு (எர்த்) எலெக்ட்ரோடைத் தசை இல்லாத எலும்பு மேட்டில் ஒட்டுங்கள். கம்பிகளைப் பின்னி, வளையாமல் தோலோடு டேப் போட்டு, மூட்டு அசைய மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

விலங்கின் தோல் தசையோடு ஒட்டியிருப்பதில்லை. நாயின் தொடைத் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள், எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். கால் வீசும்போது எலெக்ட்ரோடும் அப்படியே நகரும். வாஸ்டஸ் லேட்டராலிஸ் மேல் ஒட்டியது, இடுப்பு மடங்கும்போது பக்கத்துத் தசைக்கு மேலே போய் நிற்கலாம். அதனால் ஒட்டிய பிறகு காலைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் கொண்டுபோய், இரு கோடியிலும் எலெக்ட்ரோடு எந்தத் தசைமேல் இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். விளிம்புக்குப் போகிறதென்றால், நடு ஊன்று கட்டத்தில் தசை மேட்டின் மத்தியில் வருமாறு மாற்றி ஒட்டுங்கள். கெண்டைச்சதையின் அடியில் கிடக்கும் சோலியஸ் போன்ற ஆழமான தசையைத் தோல்மேலிருந்து பிடிக்க முடியாது. பிடித்ததாகத் தோன்றினால் அது பெரும்பாலும் மேலே கிடக்கும் கேஸ்ட்ராக்னீமியஸாகத்தான் இருக்கும்.

பதிவு அமைப்பு

தோல்மேல் இஎம்ஜியின் ஆற்றல் பெரும்பாலும் 20 முதல் 450 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். நொடிக்கு 2000 மாதிரிகள் எடுத்தால் போதும். நுண்கம்பியில் 1000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால் 4000க்கு மேல் வையுங்கள். வீடியோ நொடிக்கு 200 ஃபிரேமுக்குக் குறையாமல் இருக்கட்டும். 240 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லிசெகண்ட்தான். சாதாரண 30 ஃபிரேமில் அது 33 மில்லிசெகண்ட். பாதம் படுவதற்கு 40 மில்லிசெகண்ட் முன்பு தொடங்கும் ஒரு துடிப்பை 33 மில்லிசெகண்ட் பிசகும் கடிகாரத்தால் அளக்க முடியாது.

வீடியோவையும் இஎம்ஜியையும் ஒரே நேரக்கோட்டில் கட்ட, கேமராவின் பார்வையில் ஒரு எல்இடி விளக்கை வைத்து, அது எரியும்போதே இஎம்ஜி கருவியின் தனிச் சேனலில் ஒரு மின்துடிப்பு பதியுமாறு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. இரண்டுக்கும் இடையிலான நேரம் இரண்டு பதிவிலும் ஒத்துப்போனால்தான் நடுவில் ஃபிரேம் தவறவில்லை என்று நம்பலாம்.

டிரெட்மில்லில் முதல்முறை ஏறும் விலங்கு குழப்பத்தில் காலை வைக்கும். பல நாள் பழக்கிய பிறகே பதிவெடுங்கள். ஒவ்வொரு நடைவகையிலும் சீரான வேகத்தில் குறைந்தது 10 முதல் 20 சுற்றுகள் வேண்டும். வேகமெடுக்கும் சுற்றும் நிற்கப்போகும் சுற்றும் இதில் சேராது. எதுவும் செய்யாமல் படுத்திருக்கும்போது ஒரு நிமிடம் பதிவெடுத்து வையுங்கள், பின்னால் அடித்தள அளவுக்கு அதுதான் கைகொடுக்கும்.

எலெக்ட்ரோடுகளைக் கழற்றுமுன் அங்கேயே உட்கார்ந்து ஒரு சுற்றையாவது வீடியோவோடு சேர்த்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு கண்டுபிடிக்கும் பிழையைத் திருத்த வழி கிடையாது.

கெட்ட சமிக்ஞையை அடையாளம் காண்பது

பாதம் விழும் அதே நொடியில் எல்லாச் சேனலிலும் ஒரே உருவத்தில் ஒரு கூர்முனை எழுந்தால் அது தசை இல்லை, கம்பி அதிர்ந்தது. அடிக்கோடு மெதுவாக ஏறி இறங்கினால் கம்பி ஊசலாடுகிறது அல்லது தோல் நகர்கிறது. நாய் மேல்மூச்சு வாங்கினால் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை உடல் குலுங்கும், அதுவும் மெல்லிய அலையாக வரும். சற்று ஓய்வு கொடுத்து மீண்டும் எடுங்கள். முன்னங்கால், மார்புத் தசைகளில் நடைச்சுற்றோடு சம்பந்தமில்லாமல் சீராக வரும் துடிப்பு இதயத்துடையது. மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெரும்பாலும் டிரெட்மில் மோட்டாரிலிருந்தோ கழன்ற தரை இணைப்பிலிருந்தோ வருகிறது. அந்த அலைவரிசையை மட்டும் வெட்டும் ஃபில்டரைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளாதீர்கள். அங்கே உண்மையான தசைச் சமிக்ஞையும் நிறைய இருக்கிறது. இணைப்பைச் சரிசெய்வதே வழி.

பக்கத்துத் தசையின் சமிக்ஞைக் கசிவு இவற்றைவிடச் சிக்கலானது. டிபியாலிஸ் ஆன்டீரியர் இயங்கும்போதெல்லாம் கேஸ்ட்ராக்னீமியஸிலும் அதே உருவச் சிறு துடிப்பு தெரிந்தால் இரண்டு சேனலின் வடிகட்டாத சமிக்ஞைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். முனைக்கு முனை பொருந்தினால் கசிவு. நேரம் மட்டும் ஒத்து, உள்முனைகள் வேறாக இருந்தால் இரண்டு தசைகளும் உண்மையிலேயே சேர்ந்து இயங்குகின்றன.

கணக்கு போடுவது

20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, எதிர்மறைப் பகுதியை நேர்மறையாக்கி, பிறகு வேகமான ஏற்ற இறக்கங்களைக் கழிக்கும் தாழ்வரிசை ஃபில்டரால் மென்மையாக்கினால் துடிப்பின் வடிவம் கிடைக்கும். ஃபில்டரை முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால், 10 ஹெர்ட்ஸ் இரண்டாம் படி பட்டர்வொர்த் (பரவலாகப் பயன்படும் ஒரு வகை) ஃபில்டர் எல்லாவற்றையும் 20 மில்லிசெகண்டுக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிடும். பாதம் படுமுன் தொடங்கிய தசை, பட்ட பிறகு தொடங்கியதாகக் காட்சி தரும். ஆனால் இருதிசை ஃபில்டர் துடிப்பின் ஓரங்களை இருபக்கமும் கரைக்கும். ஆகவே உருவத்தைக் காட்ட 10 ஹெர்ட்ஸ், தொடக்க நேரத்தைக் குறிக்க 50 ஹெர்ட்ஸ் என்று இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்வது நல்லது. ஓய்வுப் பதிவின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டி, அந்த அளவை 20 மில்லிசெகண்டாவது தாண்டி நிற்கும் இடத்தைத் தொடக்கம் என்று கொள்ளுங்கள். கணினி குறித்த ஒவ்வொரு இடத்தையும் கண்ணாலும் சரிபாருங்கள்.

ஒரு சுற்றை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 240 ஃபிரேம் வீடியோவில் பாதம் 120ஆம் ஃபிரேமில் படுகிறது, 172இல் எழுகிறது, 236இல் மீண்டும் படுகிறது. சுற்று 116 ஃபிரேம், அதாவது 483 மில்லிசெகண்ட். ஊன்றியது 52 ஃபிரேம், 217 மில்லிசெகண்ட். ஊன்று விகிதம் 0.45, ஓட்டத்தின் பக்கம் சேர்கிறது. வாஸ்டஸ் லேட்டராலிஸ் பாதம் படுவதற்கு 40 மில்லிசெகண்ட் முன்பு தொடங்கி, பட்ட பின் 150 மில்லிசெகண்டில் நின்றால், சுற்றின் அளவில் முந்தைய சுற்றின் 92 சதவீதத்தில் தொடங்கி இந்தச் சுற்றின் 31 சதவீதத்தில் முடிகிறது. பாதமோ 45 சதவீதம் வரை தரையில் இருக்கிறது. மீதி நேரத்தில் கால் எப்படித் தள்ளுகிறது? ஆணை நின்ற பிறகும் தசையின் விசை வடிய நேரமெடுக்கிறது, நீண்ட தசைநாண் சேமித்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. துடிப்பு சீக்கிரம் முடிவது பதிவுப் பிழை இல்லை.

உயரத்தை மைக்ரோவோல்ட்டில் ஒப்பிடவே கூடாது. எலெக்ட்ரோடைக் கழற்றி அதே இடத்தில் மீண்டும் ஒட்டினாலே எண் மாறும். முழு பலத்தோடு இழு என்று விலங்கிடம் சொல்லவும் முடியாது. ஒரே அமர்வில், அதே எலெக்ட்ரோடில், நடையின் சராசரி உச்சத்தை 100 என்று வைத்து மற்ற நடைவகைகளை அதன் சதவீதமாகச் சொல்லுங்கள். மூன்று நாய்களில் 60 சுற்றுகள் எடுத்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 60 ஆகிவிடாது, மூன்றுதான்.

வேறு அசைவுகளில் என்ன மாறும்

மேட்டில் ஏறும்போது நீட்டுத் தசைகளின் துடிப்பு உயரும். இறக்கத்தில் நடப்பதுதான் எதிர்பாராதது: பூனை செங்குத்தான சரிவில் இறங்கும்போது இடுப்பை நீட்டும் தசைகள் ஊன்று கட்டத்தில் அடங்கிவிட, இடுப்பை மடக்கும் தசைகள் அந்த நேரத்தில் இயங்குகின்றன. உடல் தானே முன்னே சரிவதால் தள்ள வேண்டிய தேவை போய், பிடித்து நிறுத்த வேண்டியதாகிறது. நீந்தும்போது தரையின் எதிர்விசை இல்லை, ஈ2வும் இல்லை. அதனால் நடைக்கான நான்கு கட்டங்களை நீச்சலுக்கு அப்படியே போடாதீர்கள். பாதம் படும் நேரம் என்ற குறியீடே அங்கே கிடையாது என்பதால், கால் மிக முன்னே இருக்கும் நொடியைச் சுற்றின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தவளையின் தாவலில் கெண்டைத் தசை மூட்டு அசையுமுன்பே சுருங்கித் தசைநாணை இழுத்து வைக்கிறது, பிறகுதான் கால் விரிகிறது. துடிப்புக்கும் அசைவுக்கும் இடைவெளி தெரிந்தால் நேரக்கோடு பிசகிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

ஒரே மூட்டை நீட்டும் தசைகள்கூட ஒன்றுபோல் இயங்குவதில்லை. பூனையின் சோலியஸ் கிட்டத்தட்ட முழுக்க மெதுவாகச் சுருங்கும் வகைத் தசை இழைகளால் ஆனது. 1978இல் வால்ம்ஸ்லியும் சகாக்களும் அளந்தபோது, சோலியஸின் விசை மெதுநடையிலிருந்து தாவல் வரை பெரிதாக மாறவில்லை, உள்பக்க கேஸ்ட்ராக்னீமியஸின் விசைதான் பல மடங்கு உயர்ந்தது. ஈரமான பாதத்தைப் பூனை படபடவென உதறும்போதோ கேஸ்ட்ராக்னீமியஸ் இயங்க, சோலியஸ் மௌனமாகிவிடுகிறது. அந்த வேகத்துக்கு அதனால் சுருங்கி விரிய முடியாது. 'கணுக்கால் நீட்டுத் தசைகள்' என்று ஒரே எண்ணில் அடக்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துடிப்பைப் பார்த்து வேலையை ஊகிக்க ஆசை வரும்போது இரண்டு விலங்குகளை நினைத்தால் போதும். 1997இல் ராபர்ட்ஸும் சகாக்களும் ஓடும் வான்கோழிகளின் கேஸ்ட்ராக்னீமியஸில் விசையையும் தசை நீளத்தையும் நேரடியாக அளந்தார்கள். சமதரையில் தசை வலுவாக இயங்கியபோதும் மிகக் கொஞ்சமே சுருங்கியது, நீண்டு சுருங்கும் வேலையின் பெரும்பகுதியைத் தசைநாண் பார்த்துக்கொண்டது. மேட்டில் ஓடவிட்டபோது அதே தசை நன்றாகச் சுருங்கி வேலை செய்தது. இன்னொன்று பிளாபெரஸ் கரப்பான். அதன் பின்னங்காலில் 178, 179 என்று எண்ணிட்ட இரண்டு நீட்டுத் தசைகளுக்கு ஒரே நரம்பணு ஆணை கொடுக்கிறது. இருந்தும் ஓட்டத்தில் 179 பெரும்பாலும் ஆற்றலை உறிஞ்சும் தடையாகவே நின்றது. இஎம்ஜியோடு தசை நீளத்தையும் விசையையும் அளக்காமல் 'இந்தத் தசை உடலைத் தள்ளுகிறது' என்று எழுதாதீர்கள். 'இந்த நேரத்தில் முடுக்கப்படுகிறது' என்று மட்டும் எழுதுங்கள்.

முதல் பதிவுக்கு நன்கு பழகிய ஒரு நாய், வாஸ்டஸ் லேட்டராலிஸ், டிபியாலிஸ் ஆன்டீரியர் என்ற இரண்டே தசைகள், நடையும் ட்ராட்டும் மட்டும் போதும். ஒன்று ஊன்றும்போதும் மற்றொன்று வீசும்போதும் மாறி மாறித் தெளிவாக எழுந்தால் உங்கள் எலெக்ட்ரோடும் நேரக்கோடும் ஃபில்டரும் சரியாக இருக்கின்றன. அது கிடைத்த பிறகு செமிடென்டினோசஸை மூன்றாவது சேனலில் சேர்த்து, அந்த இரட்டைத் துடிப்பைத் தேடிப் பாருங்கள்.